806 டிரில்லியன் வெள்ளியும் ஒரு காசும்

சுங்கை பட்டாணியிலிருந்து கூலிமுக்கு ஆள் ஏற்றிப்போகும் தொழிற்சாலைப் பேருந்துகளில், இரவு ஷிஃப்டுக்காரர்களில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தட்டலில் ஒரு தனி வகை விளையாட்டு உண்டு. ஒரு தட்டுக்கு ஒரு வெள்ளி. சேர்ந்த வெள்ளியில் ஒரு கடை வாங்கலாம். கடை தானாகச் சம்பாதிக்கும். அந்தச் சம்பாத்தியத்தில் இன்னொரு கடை. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டாலும் பணம் வளர்ந்துகொண்டே இருக்கும். பாடாங் செராயைத் தாண்டும்போது ஆயிரத்தில் நின்ற கணக்கு, காலையில் வீடு திரும்பும்போது பில்லியனைக் கடந்திருக்கும். விடாமல் சில வாரம் ஆடினால் எண்ணுக்குப் பின்னால் நூறு சுழியம், இருநூறு சுழியம் என்று போகும்.

நமக்குத் தெரியும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களை எல்லாம் எண்ணினாலும் 1க்குப் பின்னால் ஏறக்குறைய 80 சுழியம்தான். அதைவிடப் பெரிய தொகையை ஒரு மலிவுக் கைப்பேசி எங்கே வைத்திருக்கிறது? ஐந்து வெள்ளிக்கு டாப்-அப் போட்டால் கடைசிக் காசு வரை கணக்குச் சொல்லும் அதே கருவிதானே இது?

ஒரு பால் மரத்தின் விலை

இந்த வகையைப் பெருகல் விளையாட்டு என்று அழைப்போம். 2013இல் ஜூலியன் தியென்னோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய 'குக்கி கிளிக்கர்' இதை உலகம் முழுக்கப் பரப்பியது. அதில் பிஸ்கட்டைத் தட்ட வேண்டும். நாம் நம் ஊருக்கு ஏற்றபடி ஒன்று செய்துகொள்வோம். பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். கையில் ஒரே ஒரு பால் மரம். அதன் மங்கில் பால் சொட்டச் சொட்ட வெள்ளி சேர்கிறது. முதல் மரம் 10 வெள்ளி. ஒவ்வொரு மரம் வாங்கியதும் அடுத்ததன் விலை 15 விழுக்காடு ஏறும். அந்த 15 நான் கற்பனை செய்ததல்ல, குக்கி கிளிக்கரில் இருப்பதே.

15 விழுக்காடு கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது மரம் 11 வெள்ளி 50 காசு. ஐந்து மரம் வாங்கியபின் ஆறாவது மரத்தின் விலை 20 வெள்ளியைத் தொட்டுவிடுகிறது. அதாவது ஐந்து மரத்துக்கு ஒருமுறை விலை இரட்டிப்பாகிறது. நூறு மரம் வாங்கிவிட்டால் நூற்றியோராவது மரத்தின் விலை 11.7 மில்லியன் வெள்ளி. உண்மையான தோட்டம் எதிலும் நூறு மரம் ஒரு மூலைக்குக் காணாது. விளையாட்டிலோ அது முதல் நாள் மாலை. விலைக்கு ஈடுகொடுக்க வருமானமும் அதே வேகத்தில் பெருக வேண்டும். அதற்காகப் புதுக் கத்தி, உரம், லாரி என்று வருமானத்தை இரட்டிப்பாக்கும் பொருள்களை விளையாட்டை எழுதியவர் வழிநெடுக வைத்திருப்பார். விலையும் வருமானமும் ஒன்றை ஒன்று துரத்தும். எண்கள் ஊதிப்போவதற்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

இப்போது இந்த விலையைக் கணினி எங்காவது எழுதி வைக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கிராணியின் கட்டங்கள்

தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டு, நாள் கூலி போட்டு, மாதக் கடைசியில் கூட்டுவதற்கு வரிசையாகக் கட்டம் கிழித்த புத்தகம். தொகைக்கு எட்டுக் கட்டம் என்றால், எழுதக்கூடிய மிகப் பெரிய தொகை எட்டு ஒன்பதுகள். அதற்குமேல் ஒரு வெள்ளி கூடினாலும் எழுத இடமில்லை. கணினியின் நினைவகமும் இதே மாதிரிக் கட்டங்கள்தான். ஒரே வேறுபாடு, ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1 மட்டுமே எழுதலாம்.

நெடுங்காலமாக நிரலர்கள் முழு எண்ணுக்கு 32 கட்டம் ஒதுக்குவது வழக்கம். ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்கு. மீதி 31இல் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை இந்த வரம்பைத் தாண்டிவிட்டது என்று யூடியூப் சொன்னதும், எண்ணிக்கைக் கட்டத்தை 64ஆக அகலப்படுத்தியதும் பலருக்கு நினைவிருக்கும்.

நம் தோட்டத்தில் விலையைக் காசுக் கணக்கில், 32 கட்டத்தில் வைத்தோம் என்றால் என்ன ஆகும்? 105 மரம் வாங்கும்வரை வண்டி ஓடும். 106ஆவது மரத்தின் விலை 23.6 மில்லியன் வெள்ளி, அதாவது 2.36 பில்லியன் காசு. கட்டத்துக்குள் அடங்கவில்லை. பல நிரல் மொழிகளில் அப்போது எண் வழிந்து, குறிக்கான கட்டத்தில் போய் விழும். திரையில் மரத்தின் விலை மைனஸ் 19.3 மில்லியன் வெள்ளி என்று தெரியும். வாங்குகிறவருக்குத் தோட்டமே பணம் கொடுக்கும்! இதற்கு 'வழிதல்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கெட்டிக்காரக் கிராணி ஒருவர் வேறு வழி கண்டுபிடிக்கிறார். எட்டுக் கட்டத்தில் ஆறை எண்ணின் முன்பகுதிக்கு வைத்துக்கொள்கிறார். கடைசி இரண்டில், பின்னால் எத்தனை சுழியம் போட வேண்டும் என்று மட்டும் எழுதுகிறார். 4,725,318,906 வெள்ளி என்றால் 472532 என்று எழுதி, பக்கத்தில் 04. திரும்ப விரித்துப் படித்தால் 4,725,320,000. ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி பிசகியிருக்கிறது. ஆனால் அதே எட்டுக் கட்டத்தில் இப்போது ஆறு ஒன்பதுக்குப் பின்னால் 99 சுழியம் உள்ள தொகையையும் எழுதலாம். இந்த முறையில் எழுதிய எண்ணுக்கு மிதவைப்புள்ளி எண் என்று பெயர். புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் தேவைக்கேற்ப நகர்வதால் வந்த பெயர். சுழிய எண்ணிக்கையை எழுதும் பகுதியை 'அடுக்கு' என்போம்.

இன்றைய கணினிகள் இதற்கு 64 கட்டம் வைத்திருக்கின்றன: குறிக்கு 1, அடுக்குக்கு 11, முன்பகுதிக்கு 52. நம் பத்தடிமானக் கணக்கில் சுமார் 16 இலக்கம் துல்லியமாக நிற்கும்; அளவோ 1.8க்குப் பின்னால் புள்ளியை 308 இடம் தள்ளும் தூரம்வரை போகும். இந்தப் பங்கீட்டுக்குப் பின்னால் இருந்த முக்கியக் கணித அறிஞர் வில்லியம் கஹான். 1980இல் இன்டெல் வெளியிட்ட 8087 சில்லில் அவருடைய யோசனைகள் வடிவம் பெற்றன. 1985இல் அது ஐ.இ.இ.இ. 754 என்ற பொதுத் தரமானது. அந்த இன்டெல் 1972இலேயே பினாங்கில் ஆலை திறந்தது, பின்னால் கூலிமுக்கும் வந்தது. அந்நிறுவனத்தின் பழைய சில்லுகள் பலவற்றின் முதுகில் 'மலாய்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். ஆகவே பேருந்தில் கைப்பேசியைத் தட்டுகிறவருக்கும் இந்தக் கட்டங்களுக்கும் உள்ள உறவு அத்தனை தூரத்து உறவல்ல.

கெடாவுக்கு வந்த பில்

2006 ஏப்ரலில் கெடாவைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிய செய்தி நம் நாட்டு நாளிதழில் வந்து, பிறகு உலகப் பத்திரிகைகளையும் சுற்றியது. அந்த ஜனவரியில் அவர், காலமான தம் தந்தையின் தொலைபேசி இணைப்பைத் துண்டித்து, பாக்கி 84 வெள்ளியையும் கட்டிவிட்டிருந்தார். அதன்பின் வந்த பில்லில் இருந்த தொகை 806,400,000,000,000.01 வெள்ளி. பத்து நாளில் கட்டாவிட்டால் வழக்கு. அன்றைய மாற்று விகிதத்தில் 218 டிரில்லியன் அமெரிக்க டாலர். அந்த ஆண்டில் உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்து உற்பத்தி செய்ததைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். பில்லைப் பார்த்ததும் மயக்கமே வரப் பார்த்தது என்று அவர் சொன்னதில் வியப்பில்லை.

எல்லாரும் அந்த 806ஐப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கடைசி 1 காசுதான் பிடித்திருக்கிறது. அந்தக் காசு ஒரு துப்பு.

தொகையை மிதவைப்புள்ளி எண்ணாக வைத்திருந்தால் அந்த ஒரு காசு பிழைத்திருக்கவே முடியாது. 64 கட்ட எண்ணில் 800 டிரில்லியன் அளவுக்குப் போனதும், அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி எட்டில் ஒரு வெள்ளி, அதாவது பன்னிரண்டரைக் காசு. 806,400,000,000,000க்கு அடுத்து எழுதத் தெரிந்தது பன்னிரண்டரைக் காசு கூடிய தொகைதான். ஒரு காசுக்கு அங்கே இடமில்லை. அது சுழியமாக மழுங்கிவிடும். சரி, வெள்ளியைக் காசாக மாற்றி வைத்தால்? இப்போது எண் 80,640,000,000,000,001. இன்னும் பெரிதாகிவிட்டதால் இடைவெளி 16 காசு. கடைசி 1 இங்கேயும் காணாமல் போகும்.

பத்திரிகைகள் அச்சிட்டது அப்படியே பில்லில் இருந்தது என்றால், அந்தக் கணினி மிதவைப்புள்ளியைத் தொடவில்லை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் கட்டம் வைத்து எண்ணியிருக்கிறது. வங்கி, காப்புறுதி, தொலைபேசிக் கணக்குகள் நெடுநாளாக அப்படித்தான் நடக்கின்றன. கோபோல் என்ற பழைய வணிக நிரல் மொழியில் ஒரு எண்ணுக்கு மரபாக 18 இலக்கம்வரை இடம் உண்டு. நம் பில்லில் உள்ளவை 17. 64 கட்ட முழு எண்ணிலும் இது தாராளமாக அடங்கும்.

பெருகல் விளையாட்டு நேர் எதிரான முடிவை எடுக்கிறது. பில் போடும் கணினிக்குக் கடைசிக் காசு புனிதம். முன்னால் நிற்கும் 806 நியாயமான தொகையா என்று கேட்க அதற்குத் தெரியாது. விளையாட்டுக்கோ முன்னால் நிற்கும் இரண்டு மூன்று இலக்கமும் எத்தனை சுழியம் என்பதும் போதும். பின்னால் எத்தனை காசு உதிர்ந்தாலும் கவலையில்லை. கட்டங்கள் எப்போதும் எண்ணி வைத்தவை. எந்த முனையில் விடுவது என்பதைத்தான் நிரலர் தேர்ந்தெடுக்கிறார். (மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கக் கட்டணங்களை ஐந்து காசுக்கு முழுமையாக்குகிறோம். அந்தப் பில் இரண்டு ஆண்டு தாமதித்து வந்திருந்தால், கவுன்டரில் ரொக்கமாகக் கட்டும்போது அந்த ஒரு காசைத் தள்ளுபடி செய்திருப்பார்கள்.)

சுழியங்களின் சுவர்

நம் தோட்டத்துக்குத் திரும்புவோம். விலையை மிதவைப்புள்ளி எண்ணாக மாற்றிவிட்டோம். ஏறக்குறைய 247 மரத்தில் முதல் நோவு தெரியும். விலை 9,007,199,254,740,992 வெள்ளியைத் தாண்டுகிறது. 1 வெள்ளி கூட்டினால் அது பதிவாகும் என்ற உறுதி இந்த எல்லையோடு முடிகிறது. கையிருப்பு அந்த எண்ணாக இருக்கும்போது மரத்தைத் தட்டி ஒரு வெள்ளி சேர்த்தால், கையிருப்பு அதே எண்ணாகவே நிற்கும். ஆயிரம் முறை தட்டினாலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வெள்ளியைப் பெரிய எண் விழுங்கிவிடுகிறது. ஆயிரம் வெள்ளியை ஒரே தடவையில் சேர்த்தால் மட்டும் சரியாக ஏறும்! பெரும்பாலான விளையாட்டுகளில் இது யார் கண்ணிலும் படாது, திரையில் '9.007' என்றுதான் தெரிகிறது. ஆனால் சொட்டுச் சொட்டாக வருவதை அவ்வப்போது கூட்டும் விளையாட்டில் சின்ன வருமானங்கள் இப்படிச் சத்தமில்லாமல் சாகும். அனுபவமுள்ளவர்கள் சின்னதை எல்லாம் முதலில் தனியே திரட்டிக்கொண்டு பிறகு பெரியதில் சேர்ப்பார்கள்.

உண்மையான சுவர் 5,063 மரத்துக்கு அப்பால். அடுத்த மரத்தின் விலைக்கு அடுக்கில் இடமே இல்லை. மிதவைப்புள்ளித் தரம் இதற்கென்று ஒரு விசேஷ மதிப்பு வைத்திருக்கிறது: முடிவிலி. முழு எண்ணைப் போல மைனஸில் போய் விழாமல் முடிவிலியில் நின்றுவிடுகிறது. இது நல்ல ஏற்பாடு என்று தோன்றும், கையிருப்பும் விலையும் இரண்டுமே முடிவிலி ஆகும்வரை. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் எவ்வளவு? கணினி 'எண் அல்ல' என்று விடை தரும். அந்த விடை தொற்றுநோய் மாதிரி. அதோடு எதைக் கூட்டினாலும், பெருக்கினாலும் 'எண் அல்ல'. ஒரு நொடியில் தோட்டம் முழுக்கப் பரவி, ஆட்டத்தைச் சேமிக்கும் கோப்பிலும் எழுதப்பட்டுவிட்டால் மாதக்கணக்கான ஆட்டம் போச்சு.

இந்தச் சுவரையே ஆட்டமாக்கியவரும் உண்டு. ஹெவிபெல்லே என்ற புனைபெயர்க்காரர் 2016இல் வெளியிட்ட 'ஆன்டிமேட்டர் டைமென்ஷன்ஸ்' விளையாட்டில் எண் 308 சுழியத்தை எட்டியதும் உலகமே நொறுங்கி, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். எழுதியவர் கணினியின் குறையைக் கதைக்குள் இழுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து ஒரு பொறியியல் வரம்பை இத்தனை அழகாகப் பயன்படுத்திய விளையாட்டு வேறில்லை. அதிலேயே பின்னொரு கட்டத்தில் ஆடுபவர் அந்த முடிவிலியை உடைத்துக்கொண்டு அப்பால் போக வேண்டும். அப்போது நிரலரும் உடைத்தாக வேண்டுமே!

அடுக்குக்குத் தனிப் புத்தகம்

முதலில் தோன்றும் வழி, எல்லா இலக்கத்தையும் எழுதிவிடுவது. எத்தனை கட்டம் வேண்டுமோ அத்தனையும் நீட்டிக்கொள்ளும் முழு எண் வசதி பல மொழிகளில் இருக்கிறது. ஆனால் ஒரு மில்லியன் சுழியம் உள்ள ஒரே ஓர் எண்ணுக்கு 400 கிலோபைட்டுக்கு மேல் பிடிக்கும். அப்படிப்பட்ட நூறு எண்ணை நொடிக்கு இருபது முறை பெருக்கினால் கைப்பேசி சூடாகி, மின்கலம் பேருந்து லூனாஸ் போய்ச் சேருவதற்குள் தீர்ந்துவிடும். அத்தனையும், திரையில் யாரும் பார்க்காத இலக்கங்களுக்காக.

நடைமுறையில் செய்வது வேறு. கிராணி, அடுக்குக்கு என்று தனியாக இன்னொரு புத்தகம் போட்டுவிடுகிறார். முன்பகுதி ஒரு மிதவைப்புள்ளி எண். அடுக்கு இன்னொரு மிதவைப்புள்ளி எண். 500 சுழியம் உள்ள 3.2 என்பது [3.2, 500] என்ற ஜோடி. பட்டாஷு என்ற புனைபெயர்க்காரர் எழுதி, பெருகல் விளையாட்டு எழுதுபவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 'பிரேக் இன்ஃபினிட்டி' நிரல் தொகுப்பின் உள்ளே நடப்பது இதுதான். துல்லியத்தைவிட வேகம் முக்கியம் என்று அதன் அறிமுகமே சொல்கிறது.

பெருக்கல் இதில் விளையாட்டுப்போல எளிது. [3.2, 500]ஐ [5, 40]ஆல் பெருக்க, முன்பகுதிகளைப் பெருக்கு, அடுக்குகளைக் கூட்டு: [16, 540]. முன்பகுதி பத்துக்குக் கீழே நிற்க வேண்டும் என்பதால் [1.6, 541] என்று திருத்து. கூட்டல்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். [3.2, 500]உடன் [5, 498]ஐக் கூட்ட முதலில் இரண்டையும் ஒரே அடுக்குக்குக் கொண்டுவர வேண்டும்: 3.2உம் 0.05உம் சேர்ந்து [3.25, 500]. [5, 40]ஐக் கூட்டச் சொன்னால்? அடுக்குகளின் இடைவெளி 460. முன்பகுதியில் நிற்பதோ 16 இலக்கம். ஆகவே நிரல் கூட்டவே செய்யாது. இடைவெளி 17க்கு மேல் என்றால் பெரியதை அப்படியே திருப்பித் தந்துவிடும். அணுக்களின் எண்ணிக்கைக்குச் சமமான தொகையாக இருந்தாலும் சில்லறைதான்.

இந்த முறையில் அடுக்கே 9,000,000,000,000,000வரை போகலாம். அதுவும் போதாத விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு அடுக்குக்கு அடுக்கு, அதற்கும் அடுக்கு என்று மாடி மேல் மாடியாக எழுப்பும் தொகுப்புகள் உண்டு. அந்த உயரத்தில் முன்பகுதி என்பதே பொருளற்றுப்போய், மாடிக் கணக்கு மட்டும்தான் எண்ணாக மிஞ்சும்.

இவற்றைத் திரையில் காட்டுவது தனிக் கலை. மில்லியன், பில்லியன், டிரில்லியன் தீர்ந்ததும் சிலர் லத்தீன் பெயர்களை நீட்டுகிறார்கள், சிலர் இரண்டிரண்டு ஆங்கில எழுத்தாகப் போடுகிறார்கள். பரிபாடல் பேரெண்களுக்கு நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பெயர் வைத்திருக்கிறது. தமிழில் யாராவது இந்த விளையாட்டை எழுதினால் திரையில் '3.2 குவளை' என்று காட்டலாம்; கையில் லட்டு மாதிரி இருக்கும் பெயர்களை விட்டுவிட்டு இரண்டு எழுத்துக்கு ஏன் அலைய வேண்டும்?

நூறு மரம் ஒரே தட்டில்

'நூறு மரம் வாங்கு' என்ற பொத்தானைத் தட்டினால், அனுபவமில்லாத நிரலர் விலையை நூறு முறை ஏற்றி, நூறு முறை கூட்டுவார். பத்தாயிரம் மரம் என்றால் திரை உறைந்துபோகும். பள்ளியில் படித்த பெருக்குத் தொடர் இங்கே கைகொடுக்கிறது. நூறு மரத்துக்குப் பின் வரும் மரத்தின் விலை 11,743,134 வெள்ளி. அதில் முதல் மரத்தின் 10 வெள்ளியைக் கழித்து, 0.15ஆல் வகுத்தால் நூறு மரத்தின் மொத்த விலை வந்துவிடும்: ஏறக்குறைய 78.3 மில்லியன் வெள்ளி. ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். கையில் உள்ள பணத்துக்கு எத்தனை மரம் கிடைக்கும் என்ற தலைகீழ்க் கேள்விக்கு மடக்கை உதவும். ஒரு பில்லியன் வெள்ளி இருந்தால், முதலிலிருந்து 118 மரம்.

ஆடுபவர் தூங்கும் நேரத்துக்கும் இதே தந்திரம்தான். எட்டு மணி நேரம் கைப்பேசி பைக்குள் இருந்தது என்றால் விளையாட்டு எட்டு மணி நேரமும் ஓடவில்லை. மூடியபோது மணி என்ன என்று எழுதி வைத்தது. திறந்தபோது மறுபடி பார்த்தது. இடைப்பட்ட 28,800 நொடியை வருமானத்தால் பெருக்கிக் கணக்கில் போட்டது. இது தெரிந்த பையன்கள் கைப்பேசியின் தேதியை ஒரு வாரம் முன்னே தள்ளி வைத்துப் பணம் பார்ப்பார்கள். ஆகவே நல்ல நிரலில் இரண்டு வரி காவலுக்கு நிற்கும்: இடைவெளி ஒரு நாளுக்கு மேல் போனால் ஒரு நாள் என்றே கொள், சுழியத்துக்குக் கீழே போனால் சுழியம் என்று கொள்.

இரண்டாவது வரி எதற்கு என்று தோன்றலாம். பல கருவிகளில் நேரமும் ஓர் எண்தான்: 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகள். அதைப் பழைய 32 கட்டத்தில் வைத்திருக்கும் கருவிகளில், 2038 ஜனவரி 19 அன்று மலேசிய நேரம் முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 நொடிக்குக் கட்டம் நிரம்பும். அடுத்த நொடியில் எண் வழிந்து, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். காவல் வரி இல்லாத விளையாட்டில் நம் தோட்டக்காரர் அன்று, 136 ஆண்டு வெட்டிய பாலுக்கான பணம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.